இயர்போனை மாற்றுவதா, சரிசெய்வதா? குறையை வைத்துக் கண்டுபிடிக்கும் வழி

கொழும்பில் இயர்போன் வாங்குவது கஷ்டமான காரியமே இல்லை. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் நடைபாதை வியாபாரியிடம் சில நூறு ரூபாவுக்கு இருக்கிறது. கொள்ளுப்பிட்டி லிபர்ட்டி பிளாசாவிலும் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவிலும் சில ஆயிரங்களுக்கு இருக்கிறது. கைக்கெட்டிய தூரத்தில் கிடைப்பதால், பழையது கொஞ்சம் கரைச்சல் தந்தவுடனேயே இன்னொன்றை வாங்கிவிடுகிறோம். கொஞ்ச நாளில் புதியதிலும் அதே கரைச்சல் வந்து நிற்கும்.

பழைய செட்டில் என்ன பிழை என்று தெரியாமல் புதியதை ஒழுங்காகத் தேர்ந்தெடுக்க முடியாது என்பது என் உறுதியான எண்ணம். காது ரப்பர் பொருந்தாதவருக்கு எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் பேஸ் என்ற தாழ்ந்த ஒலி கேட்காது. போனின் சொக்கெட்டில் தூசு அடைத்திருந்தால் எந்த ஹேண்ட்ஸ்ஃப்ரீயும் கரகரக்கும். அதனால் குறைகளை ஒவ்வொன்றாக எடுத்து, எங்கே தேடுவது, எப்படிச் சரிசெய்வது, சரிவராவிட்டால் அடுத்ததை வாங்கும்போது எதைப் பார்ப்பது என்று எழுதுகிறேன். பட்ஜெட் ஐயாயிரம், ஆறாயிரம் ரூபாவுக்குள் என்று வைத்துக்கொள்ளுங்கள். டொலர் 300 ரூபா அளவில் நிற்கும்போது அது ஏறத்தாழ 20 டொலர். அந்த விலைக்கு இன்று உண்மையிலேயே நல்ல பொருள் கிடைக்கிறது.

எந்தக் குறையாக இருந்தாலும் முதலில்

பிழை இயர்போனிலா, போனிலா, காதிலா என்று பிரித்துவிடுங்கள். உங்கள் இயர்போனை வீட்டில் வேறொருவரின் போனில் போட்டுக் கேளுங்கள். வேறொரு இயர்போனை உங்கள் போனில் போட்டுக் கேளுங்கள். அப்புறம் இடது பக்கத்தை வலது காதிலும் வலது பக்கத்தை இடது காதிலும் மாற்றி வைத்துக் கேளுங்கள். குறை இயர்போனோடு நகர்ந்தால் பிழை இயர்போனில். போனோடு நின்றுவிட்டால் போனில். எப்படி மாற்றினாலும் ஒரே காதில்தான் சத்தம் குறைவு என்றால், காதில் அழுக்கு அடைத்திருக்கலாம். அதற்குக் கொட்டன் பட் போட்டுக் குடையாதீர்கள், அது அழுக்கை இன்னும் உள்ளே தள்ளும். வைத்தியரிடம் காட்டுங்கள். திடீரென்று ஒரு காது கேட்காமல் போயிருந்தால் அன்றைக்கே போங்கள்.

ஒரு பக்கம் கேட்கவில்லை, அல்லது மெல்லமாகக் கேட்கிறது

என்னிடம் மிக அதிகமாக வரும் முறைப்பாடு இதுதான். மேல்மாடியில் ஏ.எல். படிக்கும் தம்பி ஒருவன் ஒரு நாள் பின்னேரம் கதவைத் தட்டி, "அக்கா, வலது பக்கம் செத்துப்போச்சு, புதுசு ஒண்டு வாங்க எது நல்லம்?" என்று கேட்டான். வாங்கிப் பார்த்தேன். வலது பக்க ரப்பரைக் கழற்றியதும் காரணம் தெரிந்தது. ரப்பர் பொருத்தும் குழாயின் வாயில் இருக்கும் அந்தச் சின்ன வலை முழுவதும் மஞ்சளும் பழுப்புமாகக் காதழுக்கு மெழுகு போலப் படிந்திருந்தது. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்கூட வலையின் ஓட்டை ஒன்றும் தெரியவில்லை. உள்ளே ஒலி எழுப்பும் டிரைவருக்கு ஒரு குறையும் இல்லை, சத்தம் வெளியே வர வழிதான் இல்லை.

இதைச் சுத்தம் செய்வதற்கு ஒரு முறை இருக்கிறது. ரப்பரைக் கழற்றி, சோப்புப் போட்ட இளஞ்சூட்டுத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவிடுங்கள். இயர்போனைத் தண்ணீர்ப் பக்கமே கொண்டுபோகக் கூடாது. குழாயின் வாய் நிலத்தைப் பார்த்தபடி பிடித்துக்கொண்டு, காய்ந்த மென்மையான பல்துலக்கியால் கீழிருந்து மெதுவாகத் தேயுங்கள். வாய் கீழே பார்ப்பது முக்கியம், அப்போதுதான் உதிர்கிற அழுக்கு உள்ளே போகாமல் கீழே விழும். அப்படியும் போகாவிட்டால் சுவரில் படம் ஒட்டப் பயன்படுத்தும் புளூ டக்கைச் சிறிது உருட்டி வலையின் மேல் அழுத்தி, சட்டென்று இழுங்கள். ஒட்டிக்கொண்டு வரும். நாலைந்து தடவை புதிய பக்கத்தால் செய்யவேண்டியிருக்கும். ஊசி, ஊக்கு, ஈர்க்கு ஒன்றும் வேண்டாம். வலை கிழிந்தால் அடுத்த தடவை அழுக்கு நேரே டிரைவரில் போய் விழும். வாயால் ஊதவும் வேண்டாம், எச்சில் ஈரம் உள்ளே போகும்.

வலை சுத்தமாக இருந்தும் கேட்கவில்லையா? போனின் அமைப்புகளில் 'அக்சஸிபிலிட்டி' பகுதிக்குப் போங்கள். இடது வலது சத்தச் சமநிலைக்கு அங்கே ஒரு கோடு இருக்கும். சின்னப் பிள்ளைகள் போனை நோண்டும் வீடுகளில் அது ஒரு பக்கமாக ஓடிப்போய் நிற்பதுண்டு. நடுவில் கொண்டுவந்து விடுங்கள்.

அதுவும் சரி என்றால் வயர். பாட்டை ஓடவிட்டுக்கொண்டு, போனில் செருகும் ஜக்கை ஒட்டிய இடத்தில் வயரை மெதுவாக வளைத்துப் பாருங்கள். அப்புறம் வயர் இரண்டாகப் பிரியும் இடம், அப்புறம் காதுப் பக்கம் நுழையும் இடம். எங்கே வளைக்கும்போது சத்தம் வந்து வந்து போகிறதோ அங்கே உள்ளே செம்புக் கம்பி அறுந்திருக்கிறது. போனைக் காற்சட்டைப் பைக்குள் போட்டு அதன்மேல் இருந்து எழும்புவதால் ஜக் அடியில்தான் பெரும்பாலும் அறுகிறது. ஜக்கை வெட்டிப் புதியது வைத்து ஈயம் பற்றித் தர ஆள் இருந்தாலும், மலிவான செட்டுக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகாது.

வயர் அறுந்தே உங்கள் இயர்போன்கள் சாகின்றன என்றால், அடுத்ததாக வாங்கும்போது வயர் கழற்றிப் பூட்டக்கூடியதையே எடுங்கள். 0.78 மில்லிமீட்டர் இரட்டைப் பின், வட்டமாக அழுத்திப் பூட்டும் எம்.எம்.சி.எக்ஸ். என்று இரண்டு வகைப் பூட்டு பரவலாக இருக்கின்றன. மூன்ட்ராப், கே.இசட். போன்ற சீனக் கொம்பனிகள் 20 டொலர் விலையிலேயே இதைத் தருகின்றன. மூன்ட்ராப்பின் 'சூ' என்ற மாடல் 2022இல் வந்தபோது வயர் நிரந்தரமாகப் பொருத்தப்பட்டிருந்தது; 2023இல் வந்த சூ 2இல் கழற்றலாம். ஒலி ஏறத்தாழ ஒரே தரம்தான், ஆனால் பஸ்ஸில் போய்வருகிற ஒருவருக்கு இரண்டாவதுதான் பயன்படும். வயர் அறுந்தால் வயரை மட்டும் வாங்கினால் போதும்.

கழற்றிப் பூட்டும் வயரில் ஒரு விஷயம் கவனிக்கவேண்டும். சில இரட்டைப் பின் வயர்களை ஒரு பக்கம் தலைகீழாகவும் பூட்டிவிட முடியும். அப்படி நடந்தால் இரண்டு பக்கமும் கேட்கும், ஆனால் பேஸ் மெலிந்துபோய், பாடுகிறவரின் குரல் நடுவில் நிற்காமல் எங்கேயோ பரவிக் கேட்கும். ஒரு பக்கத்தைக் கழற்றித் திருப்பிப் பூட்டினால் சரியாகிவிடும்.

பேஸ் இல்லை, தகரத்தில் தட்டுகிற மாதிரி இருக்கிறது

காதுக்குள் வைக்கும் இயர்போனில் பேஸ் வருவது காது அடைபடுவதால்தான். ரப்பருக்கும் காதுத் துவாரத்துக்கும் நடுவில் ஒரு மயிரிழை இடைவெளி இருந்தாலும் தாழ்ந்த சுருதிகள் அதன் வழியே கசிந்துவிடும். மிருதங்கத்தில் வலது பக்க வலந்தலையின் கணீர் ஒலி கேட்கும், இடது பக்கத் தொப்பியின் ஆழ்ந்த கும்கி கேட்காது. ஆட்கள் இதை 'மட்டமான இயர்போன்' என்று சொல்லிவிடுகிறார்கள். இயர்போன் நல்லதாகவே இருக்கக்கூடும்.

பாட்டு ஒன்றும் போடாமல் இரண்டு பக்கத்தையும் காதில் வைத்து, வாயை மூடிக்கொண்டு 'ம்ம்ம்' என்று முனகிப் பாருங்கள். இரண்டு காதும் ஒழுங்காக அடைபட்டிருந்தால் உங்கள் குரல் தலைக்குள் பெரிதாக முழங்கும். ஒரு பக்கம் மட்டும் முழங்கினால் மற்றப் பக்கத்தில் கசிவு. இரண்டு பக்கமும் சாதாரணமாக இருந்தால் இரண்டிலும் கசிவு.

கசிவென்றால் முதலில் வைக்கும் முறையை மாற்றுங்கள். வலது பக்கத்தை வைக்கும்போது இடது கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து, வலது காதின் மேல் நுனியைப் பிடித்து மேலும் பின்னும் இழுங்கள். துவாரத்தின் வளைவு நிமிரும். அந்த நேரத்தில் இயர்போனை உள்ளே வைத்து, சற்றே முன்பக்கமாகத் திருப்பி, காதை விடுங்கள். பலருக்கு இதிலேயே பேஸ் திரும்பி வந்துவிடும். காதுக்கு மேலால் வயர் சுற்றி வருகிற அமைப்பென்றால், வயரை முதலில் காதுக்குப் பின்னால் போட்டுவிட்டு அப்புறம் இயர்போனை வையுங்கள்.

அதற்குப் பிறகு ரப்பர் அளவு. பெட்டிக்குள் சின்னது, நடுத்தரம், பெரியது என்று மூன்று சோடி வரும். பெரும்பாலானோர் பொருத்தி வந்ததையே கடைசிவரை பாவிக்கிறார்கள். மூன்றையும் போட்டுப் பாருங்கள். இரண்டு காதுக்கும் ஒரே அளவாக இருக்கவேண்டும் என்றும் இல்லை. இடது காதுக்கு நடுத்தரமும் வலது காதுக்குப் பெரியதும் சரியாக வருகிறவர்கள் நிறையப் பேர். வலிக்கிறது, வழுக்குகிறது என்றால் நுரை ரப்பர் ஒரு சோடி வாங்குங்கள். விரலால் உருட்டி ஒடுக்கி உள்ளே வைத்து, அது விரிந்து அடைக்கும்வரை விரலால் பிடித்துக்கொள்ளவேண்டும். பேஸும் கூடும், வெளிச்சத்தமும் குறையும். ஆனால் கொழும்பு வெயிலில் வியர்வையை உறிஞ்சி நுரை சீக்கிரம் ஊத்தையாகும், சில மாதங்களில் மாற்றவேண்டி வரும். ரப்பரோ நுரையோ வாங்கும்போது இயர்போனைக் கையோடு கொண்டுபோங்கள், குழாயின் தடிப்பு ஒவ்வொன்றிலும் வேறு.

எந்த ரப்பரும் சரிவரவில்லை என்றால், குழாய் உங்கள் காதுக்கு மிகத் தடிப்பாகவோ கட்டையாகவோ இருக்கிறது. அப்போதுதான் இயர்போனை மாற்றவேண்டும். ஒலித்தரம் பற்றி யார் என்ன எழுதியிருந்தாலும் குழாயின் தடிப்பையும் உடலின் பருமனையும் முதலில் பாருங்கள். காது சின்னதாக இருக்கும் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட டிரைவர்கள் வைத்த பெரிய இயர்போன்கள் அரை மணித்தியாலத்தில் வலியெடுக்கும்.

காது நன்றாக அடைபட்டும் ஒலி பிடிக்கவில்லை என்றால் அது ருசி சம்பந்தப்பட்ட விஷயம். போனில் இருக்கும் ஈக்குவலைசரில் தாழ்ந்த பக்கத்தைக் கொஞ்சம் ஏற்றிப் பாருங்கள். மற்றப் பக்கங்களைக் குறைப்பது இன்னும் நல்லது, ஏற்றினால் சில போன்களில் ஒலி உடையும்.

பாட்டு கேட்கிறது, பாடுகிறவரின் குரல் மட்டும் இல்லை

முதல் தடவை கேட்கும்போது பயமாக இருக்கும். வாத்தியங்கள் எல்லாம் எங்கேயோ கிணற்றுக்குள் இருந்து வருவது போல இருக்கும், குரலைக் காணாது. காரணம் ஜக்.

மைக் உள்ள ஜக்கில் மூன்று கறுப்பு வளையங்கள் நாலு பகுதிகளைப் பிரிக்கின்றன: இடது, வலது, பொதுவான எர்த், மைக். எர்த் தொடுகை விட்டுப்போனால் மின்னோட்டம் இடது டிரைவர் வழியே போய் வலது டிரைவர் வழியே திரும்பும். அப்போது உங்களுக்குக் கேட்பது இடதுக்கும் வலதுக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே. குரலை இரண்டு பக்கத்திலும் ஒரே அளவில்தான் பதிவுசெய்கிறார்கள், அதனால் அது ஒன்றையொன்று கழித்துக்கொண்டு மறைந்துவிடும்.

ஜக் முழுவதும் உள்ளே போயிருக்கிறதா என்று பாருங்கள். தடித்த போன் கவர் தடுக்கிறதா? கவரைக் கழற்றிப் போடுங்கள். சொக்கெட்டுக்குள் டோர்ச் அடித்தால் காற்சட்டைப் பை நூலும் தூசும் அடியில் இறுகியிருப்பது தெரியும். போனை நிறுத்திவிட்டு மரப் பல்குத்தியால் மெதுவாகக் கிளறி எடுங்கள். உலோகம் எதுவும் வேண்டாம்.

எல்லாம் சரியாக இருந்தும் குரல் இல்லை, மைக்கில் இருக்கும் பட்டனை அழுத்திப் பிடித்தால் மட்டும் குரல் வருகிறது என்றால், அது வேறு வயரிங். எர்த்தும் மைக்கும் இடம் மாறிய பழைய ஒழுங்கில் செய்யப்பட்டது. இன்றைய போன்கள் சி.டி.ஐ.ஏ. என்ற ஒழுங்கிலும், பழைய சில போன்கள் ஓ.எம்.டி.பி. என்ற ஒழுங்கிலும் இருக்கின்றன. மலிவான செட்களிலும் பழைய சரக்கிலும் இது எப்போதாவது அகப்படும். ஒழுங்கை மாற்றித் தரும் சின்ன அடப்டர் இருக்கிறது, ஆனால் கடைக்குத் திருப்பிக் கொடுப்பதே மேல்.

டைப் சி அடப்டர் போட்டால் சத்தமே வரவில்லை

ஜக் சொக்கெட் இல்லாத போன்கள் பெருகிவிட்டதால் இந்தப் பிரச்சினையும் பெருகிவிட்டது. ஐபோனில் 2016இல் ஐபோன் 7ஓடும், சாம்சங்கின் விலைகூடிய போன்களில் 2019இல் நோட் 10ஓடும் ஜக் போனது. டைப் சியிலிருந்து ஜக்குக்கு மாற்றும் வயர்கள் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் உள்ளே இரண்டு ஜாதி. ஒன்றில் வெறும் வயர்தான். போனே ஒலியாக மாற்றி அனுப்பினால் மட்டும் அது வேலை செய்யும். மற்றதில் டிஜிட்டலை ஒலியாக மாற்றும் டக் என்ற சில்லு உள்ளேயே இருக்கிறது. சாம்சங், கூகுள் பிக்சல் போன்களுக்கு இரண்டாவது ஜாதிதான் வேண்டும். கடையில் "டக் உள்ளதா?" என்று கேளுங்கள். கடைக்காரருக்குத் தெரியவில்லை என்றால் அங்கேயே உங்கள் போனில் போட்டுப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

டக் உள்ளதைப் போட்டும் சத்தம் வராத ஒப்போ, ரியல்மீ, விவோ போன்களில் வெளிச் சாதனங்களை இணைக்க விடும் ஓ.டி.ஜி. அமைப்பு நிறுத்தப்பட்டிருக்கலாம். அமைப்புகளில் தேடி அதைப் போட்டுவிடுங்கள். அப்பிள் அடப்டர் நல்ல ஒலி தரும், ஆனால் பல அண்ட்ரொய்ட் போன்களில் அதன் சத்தம் வழக்கத்துக்கு மாறாகக் குறைவாக இருக்கும். அடப்டர் பழுதாகிவிட்டது என்று நினைக்கவேண்டாம், அந்தச் சேர்க்கையின் இயல்பு அப்படி.

பஸ்ஸில் ஒன்றும் கேட்கவில்லை, முழுச் சத்தம் வைக்கவேண்டியிருக்கிறது

காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸில் என்ஜின் உறுமலும் ஹோர்னும் போதாமல் பஸ்காரர் போடும் பாட்டும் இருக்கும். அதற்கு மேலால் கேட்கவேண்டும் என்று சத்தத்தைக் கூட்டினால் பாதிக்கப்படுவது காது. கேள்திறன் ஒருமுறை போனால் திரும்பி வராது என்பதால் இதை நான் மிகவும் முக்கியமாக நினைக்கிறேன்.

பெரியவர்களுக்குக் கிழமைக்கு 40 மணித்தியாலம் 80 டெசிபெல், சிறுவர்களுக்கு அதே 40 மணித்தியாலம் 75 டெசிபெல் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை. ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் கேட்கக்கூடிய நேரம் பாதியாகும். 90 டெசிபெல் என்றால் கிழமைக்கு 4 மணித்தியாலம்தான். மொறட்டுவையிலிருந்து தினமும் கோட்டைக்கு வேலைக்கு வந்துபோகிறவருக்கு அந்த 4 மணித்தியாலம் இரண்டு நாளிலேயே முடிந்துவிடும்.

வெளிச்சத்தத்தைத் தடுப்பதுதான் இதற்கு மருந்து. பேஸ் பகுதியில் சொன்ன அதே ரப்பர் வேலையைச் செய்யுங்கள். நன்றாக அடைபட்ட காதில் பாதிச் சத்தத்திலேயே பாட்டுத் தெளிவாகக் கேட்கும். காதின் வாசலில் சும்மா தொங்குகிற, ரப்பர் இல்லாத பிளாஸ்டிக் வகை செட்களை பஸ் பயணத்துக்கு வாங்கவே வேண்டாம். இரைச்சலை மின்னணு முறையில் அடக்கும் ஏ.என்.சி. வசதி இந்த விலையில் புளூடூத் பட்ஸ்களில் கிடைக்கிறது. அது என்ஜின் உறுமல் போன்ற ஒரே சீரான தாழ்ந்த சத்தத்தைக் குறைக்கும், ஹோர்னையும் ஆட்களின் பேச்சையும் அவ்வளவாகக் குறைக்காது. ரப்பர் பொருந்தாத காதில் ஏ.என்.சி. இருந்தும் பிரயோசனமில்லை.

ஒரு விஷயம். கொள்ளுப்பிட்டியிலிருந்து வெள்ளவத்தை, தெஹிவளை வரை ரயில் பாதை கடலோரமாகவே போகிறது, அதன்மேல் நடக்கிறவர்களும் நிறைய. அலைச் சத்தத்திலேயே ரயில் வருவது சரியாகக் கேட்காது. பாதையைக் கடக்கும்போது இரண்டு பக்கத்தையும் காதிலிருந்து கழற்றிவிடுங்கள்.

நடக்கும்போது 'டொக் டொக்' என்று கேட்கிறது

வயர் சட்டையில் உரசும் சத்தம் காதுக்குள் ஏறுகிறது. வயரைக் காதுக்கு மேலால் சுற்றிப் போட்டாலே பெரும்பகுதி போய்விடும், சட்டையில் கிளிப் குத்தினால் மீதியும் போகும். காதில் வைத்து அழுத்தும்போது மட்டும் பிளாஸ்டிக் தாள் கசங்குவது போலக் கேட்டால், அது உள்ளே காற்று அழுத்தத்தில் டிரைவரின் சவ்வு மடிவது. மெதுவாக வைத்துப் பழகுங்கள்.

புளூடூத் பட்ஸ்: அறுந்து அறுந்து கேட்கிறது

புளூடூத் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் ஓடுகிறது. வைஃபையும் அங்கேதான் இருக்கிறது. கோட்டை ரயில் நிலைய மேடையில் அத்தனை பேரின் போனும் பட்ஸும் ஒரே இடத்தில் நெருக்கும்போது அறுவது இயல்பு. மனித உடம்பும் இந்த அலையை உறிஞ்சும். போனைப் பின் பையிலிருந்து எடுத்துச் சட்டைப் பைக்கோ கைப்பைக்கோ மாற்றுங்கள். புளூடூத்தில் ஒலியை அனுப்பும் முறைகள் பல இருக்கின்றன; அண்ட்ரொய்டில் அதிகத் தரவு அனுப்பும் எல்.டி.ஏ.சி. முறையைப் பாவிக்கிறீர்கள் என்றால் கூட்டமான இடங்களில் ஏ.ஏ.சி. முறைக்கு மாற்றினால் தொடர்பு நிலையாக இருக்கும். ஐபோன்காரர்கள் எல்.டி.ஏ.சி.க்காகக் கூடுதல் காசு கொடுக்கவே வேண்டாம், ஐபோனில் அது இல்லை.

புளூடூத் பட்ஸ்: ஸூம் வகுப்பில் ஒலி பாழாகிறது

பாட்டு நன்றாக இருக்கும், வகுப்பு தொடங்கியதும் ஆசிரியரின் குரலும் பாட்டும் எல்லாம் பழைய லேன்ட்லைன் மாதிரி ஆகிவிடும். பட்ஸின் மைக்கை இயக்கியவுடன் புளூடூத் அழைப்புக்கான முறைக்கு மாறிவிடுவதுதான் காரணம். அந்த முறையில் இரண்டு பக்கமும் ஒரே ஒலியாகி, தரமும் குறையும். பட்ஸில் பழுதில்லை. லப்டொப்பில் ஸூமின் ஒலி அமைப்புக்குப் போய், மைக்காக லப்டொப்பின் மைக்கைத் தெரிவுசெய்யுங்கள், கேட்பதற்கு மட்டும் பட்ஸ் இருக்கட்டும். ஒலி உடனே திருந்தும். நாள் முழுக்க இணையவழி வகுப்பில் இருக்கும் பிள்ளைக்கு வாங்குவதென்றால் மைக் உள்ள வயர் செட்டே நல்லது. சார்ஜ் இறங்கவும் இறங்காது.

புளூடூத் பட்ஸ்: ஒரு பக்கம் சார்ஜ் ஆகவில்லை

கேஸுக்குள் இருக்கும் சின்னப் பொன்னிறப் பின்களையும், பட்ஸின் அடியில் இருக்கும் புள்ளிகளையும் வெளிச்சத்தில் பாருங்கள். வியர்வையும் கடற்காற்றும் பட்டு அங்கே பச்சையாகவோ கறுப்பாகவோ படிந்திருக்கும். பஞ்சில் ஐசோபுரொப்பைல் அற்ககோல் ஒரு துளி தொட்டுத் துடையுங்கள், காய்ந்த பிறகு வையுங்கள். சார்ஜ் ஆகியும் ஒரு பக்கம் மட்டும் இணைகிறது என்றால், போனில் அந்தப் பெயரை அழித்துவிட்டு, பட்ஸைக் கையேட்டில் உள்ளபடி ரீசெட் செய்து, முதலிலிருந்து இணையுங்கள்.

இரண்டு மூன்று வருடம் பாவித்த பட்ஸ் ஒரு மணித்தியாலத்தில் செத்தால் பெட்டரி கிழடாகிவிட்டது. அவ்வளவு சின்ன பெட்டரியை மாற்றித் தருவதற்கு வழி இல்லாத மாதிரித்தான். குறைந்த பட்ஜெட்டில் நான் வயரையே முதலில் சொல்வதற்கு இது பெரிய காரணம். கவனமாகப் பாவித்தால் வயர் இயர்போன் பத்து வருடமும் போகும்.

வீடியோவில் வாய் அசைவும் குரலும் ஒட்டவில்லை என்றால் தாமதத்தைக் குறைக்கும் கேம் மோட் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலான வீடியோ செயலிகள் தாமதத்தைத் தாங்களே ஈடுகட்டும், விளையாட்டுகள் ஈடுகட்டாது. விளையாடுகிறவர்களுக்கு வயர்தான்.

மழையில் நனைந்துவிட்டது, வியர்வையில் ஊறிவிட்டது

ஈரத்தோடு கேஸுக்குள் வைக்காதீர்கள், சார்ஜிலும் போடாதீர்கள். துடைத்து, ரப்பரைக் கழற்றி, சிலிக்கா ஜெல் பக்கெட்டுகளோடு ஒரு மூடிய டப்பாவில் ஒரு நாள் வையுங்கள். ஹேர் டிரையர் வேண்டாம். நீரைத் தாங்கும் அளவைச் சொல்லும் குறியீடு ஐ.பி.எக்ஸ். 4 என்றால் தெறிக்கும் நீரைத் தாங்கும், வியர்வைக்கும் தூறலுக்கும் போதும். ஐ.பி.எக்ஸ். 7 என்றால் ஒரு மீட்டர் நன்னீரில் 30 நிமிடம் தாங்கும். கடல்நீர் அதில் அடங்காது. கேஸுக்கும் அந்தப் பாதுகாப்பு பெரும்பாலும் இருக்காது.

கடையில் நிற்கும்போது

மேலே உள்ளவற்றில் உங்கள் குறை எது என்று தெரிந்துவிட்டால் தேர்வு பாதி முடிந்தது. பெட்டியில் போட்டிருக்கும் '20 ஹேர்ட்ஸ் முதல் 20,000 ஹேர்ட்ஸ்' என்பதைப் பார்க்கவேண்டாம், மட்டமானதிலும் அதுவே இருக்கும். டிரைவர் எத்தனை, எவ்வளவு பெரியது என்பதும் ஒலித்தரத்தைச் சொல்லாது. ஒற்றை டிரைவர் ஒழுங்காகச் செய்யப்பட்டிருந்தால் மலிவான நாலு டிரைவர்களை விட நன்றாகக் கேட்கும். இம்பீடன்ஸ் என்ற மின்தடை 16 முதல் 32 ஓம்ஸ் வரை இருந்தால் அதை ஓட்டப் போனே போதும்.

போலிகளைப் பற்றிக் கொஞ்சம். 2017இல் கெலக்ஸி எஸ் 8 பெட்டிக்குள் வந்த ஏ.கே.ஜி. இயர்போன் நல்ல பெயர் எடுத்தது. அன்றிலிருந்து அதே உருவத்தில் நகல்கள் எங்கும் தொங்குகின்றன. பெரிய கொம்பனியின் பெயர் போட்ட போலியை விட, பெயர் தெரியாவிட்டாலும் அசலாக வருகிற சின்னக் கொம்பனியின் பொருள் எவ்வளவோ மேல்.

"அண்ணன், போட்டுப் பார்க்கலாமா?" என்று கேளுங்கள். காதுக்குள் வைக்கிற பொருள் என்பதால் புதுப் பெட்டியை உடைக்கப் பல கடைகள் விடமாட்டா, அது நியாயம்தான். "டெஸ்ட்டர் இருக்கு, பாருங்க" என்று சொல்லும் கடை கிடைத்தால் விடாதீர்கள். உங்கள் ரப்பரையும் உங்களுக்கு நன்றாகப் பழகிய இரண்டு பாட்டையும் கொண்டுபோங்கள். போட்டவுடன் 'ம்ம்ம்' சோதனை, அப்புறம் குரல் நடுவில் நிற்கிறதா என்ற சோதனை, அப்புறம் தலையை ஆட்டிப் பார்த்து விழுகிறதா என்ற சோதனை.

பில் வாங்குங்கள். 2003ஆம் ஆண்டின் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி, கேட்டால் பில் தரவேண்டியது வியாபாரியின் கடமை. வொரண்டி எத்தனை மாதம், வயருக்கும் உண்டா, மாற்றித் தருவார்களா திருத்தித் தருவார்களா என்பதை அந்தப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். பிணக்கு வந்தால் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைக்கலாம்.

வீட்டுக்கு வந்து முதல் கிழமைக்குள் எல்லாவற்றையும் பாவித்துப் பாருங்கள்: அழைப்பு எடுங்கள், மைக்கில் குரல் பதிந்து கேளுங்கள், பட்டன்களை அழுத்துங்கள், பட்ஸ் என்றால் சார்ஜ் முழுவதையும் ஒரு தடவை இறக்குங்கள். பிழை இருந்தால் அப்போதே தெரியவேண்டும். பெட்டியையும் பாவிக்காத ரப்பர் சோடிகளையும் எறியாமல் வையுங்கள், வொரண்டிக்குப் போனால் பெட்டியோடு கேட்கிற கடைகள் இருக்கின்றன.